தறி தெரியும், தாரின் பெயர் வராது

பக்கவாதம் வந்த பிறகு என் நைனாவுக்குப் பேச்சு போய்விட்டது என்றுதான் குடியாத்தத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள், அவருக்குக் காதும் போய்விட்டதைப் போல, அவர் எதிரிலேயே அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் கைலித் தறியில் உட்கார்ந்த அந்த மனிதர், பக்கத்துத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்திருந்தால் தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். கூலிக் கணக்கில் ஒரு வரி தவறியிருந்தால் அந்த வரியில் விரலை வைத்தார். நூல் சுற்றிய சிறு குழலான தாரை எடுத்துக் கொடுத்தால், அதைத் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் எப்படிப் பொருத்துவது, நூலை எந்தப் பக்கமாக இழுத்துவிடுவது என்று இடது கையாலேயே செய்து காட்டினார். "இது இன்னா நைனா?" என்று கேட்டால் மட்டும் வாய் திறந்து, உதடு ஏதோ ஓர் ஒலிக்குத் தயாராகி, அப்படியே நின்றுவிடும். சில நேரம் "நாடா" என்பார். உடனே இல்லை என்று தலையை ஆட்டுவார்.

அந்தத் தலையாட்டல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வந்த சொல் தவறு என்று ஒருவர் அறிகிறார் என்றால், வர வேண்டிய சொல்லைப் பற்றிய ஏதோ ஓர் அறிவு அவருக்குள் இருக்கத்தான் வேண்டும். சொல்லின் பொருளை மூளை எடுப்பது ஒரு வேலை, அதன் ஒலியை எடுப்பது இன்னொரு வேலை. இரண்டில் எது நின்றுபோயிருக்கிறது என்று பார்த்து உதவினால் உதவி பலிக்கிறது, பார்க்காமல் உதவினால் அது தொந்தரவாகிறது. நைனாவோடு உட்கார்ந்து பழகியதில் நான் அறிந்தது சுருக்கமாக இவ்வளவுதான். அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் என்பதால் வகுப்பறையில் கண்ட சிலவும் இதில் கலந்திருக்கின்றன.

அதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திடீரென்று ஒருவருக்குப் பேச்சு குழறினாலோ, தொடர்பில்லாத சொற்கள் வந்தாலோ, முகத்தின் ஒரு பக்கம் தொங்கினாலோ, தூக்கிய கை நிற்காமல் விழுந்தாலோ, அதைப் படுத்து எழுந்தால் தீரும் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடும் வகைப் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. அதற்குள்ளும் முந்தக் கொடுத்தால் பலன் அதிகம். ஆகவே 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். கடைசியாக எந்த நேரத்தில் நன்றாகப் பேசினார் என்பதைக் குறித்துக்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். நைனாவுக்கு வலது கையும் பேச்சும் ஒன்றாகவே போயின. உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப் பாதி. மிகப் பெரும்பாலோருக்குப் பேச்சை நடத்துவதும் அதே இடப் பாதிதான். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய எதையும் சொல்ல முடியாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்த பின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் சிதைவு இருந்ததைக் காட்டினார். மூளையின் எந்த இடம் பேச்சுக்கு உரியது என்ற தேடல் சூடு பிடித்தது அதன் பிறகுதான்.

நலமாக இருக்கும் ஒருவர் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 0.6 நொடி ஆகிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் வில்லெம் லெவெல்ட்டும் அவருடைய உடனாய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட கோட்பாடு, அந்தச் சிறு பொழுதுக்குள் நடக்கும் வேலைகளைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறது. முதல் கால் நொடியில், பார்க்கிற பொருள் இன்னதென்று அறிந்து, அதற்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஆனால் அப்போது நம்மிடம் இருப்பது ஒலியில்லாத சொல். அடுத்த 0.2 நொடியில் அந்தச் சொல்லுக்குரிய ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. மிச்ச நேரத்தில் நாக்கும் உதடும் அசைய வேண்டிய விதம் முடிவாகிறது. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அக்கம்பக்கத்துச் சொற்களும் கூடவே எழுகின்றன என்பது இதில் கவனிக்க வேண்டியது. தார் என்று நினைத்தால் நாடா, ஊடை, பாவு, ராட்டை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் விழித்துக்கொள்கின்றன. நல்ல உடல்நிலையில் வேண்டிய சொல் மற்றவற்றை முந்திவிடுகிறது. ஆயிரம் சொல்லுக்கு ஒன்று என்ற அளவில்கூடச் சரளமான பேச்சில் பிழை வருவதில்லை என்பதை நினைத்தால், நாம் பேசிக்கொண்டிருப்பதே வியப்பாகத்தான் இருக்கிறது.

வேலூரில் நாங்கள் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர், நைனா என்ன சொன்னார் என்பதை மட்டுமல்ல, எதற்குப் பதிலாக எதைச் சொன்னார் என்பதையும் அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். லத்தேரி வழியாகப் போகும் பேருந்தில் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே போவேன். எழுதத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிழைகள் தம்மைத் தாமே பிரித்துக்கொண்டன. தாருக்கு நாடா, சட்டைக்கு வேட்டி, வெந்நீருக்குக் காபி என்று வந்தவை ஒரு வகை. இவற்றில் பொருள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது, ஒலியில் குறை ஒன்றும் இல்லை. கதவைக் 'கவது' என்றது இன்னொரு வகை. சொல் சரியாக அகப்பட்டிருக்கிறது, ஒலிகள் வரிசை மாறிவிட்டன. எல்லாச் சொற்களும் ஒரேபோல் வழவழத்துப்போன மாலை நேரங்களில் நாக்கின் சோர்வுதான் காரணம். அப்போது சொல் தேடும் பயிற்சியைத் தொடங்குவதில் பொருளே இல்லை. இவை எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது வெறும் மௌனம்: கை வடிவத்தைக் காட்டுகிறது, முகத்தில் தெளிவு இருக்கிறது, ஒலி மட்டும் வரவில்லை.

இந்த மௌனம் பக்கவாதக்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, நன்றாகத் தெரிந்த புலவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு கீழே இறங்காத அனுபவம் எந்த ஆசிரியருக்கும் உண்டு. 1966-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்னீல் என்ற இருவர், அரிதாகப் புழங்கும் சொற்களின் விளக்கத்தை மாணவர்களுக்குப் படித்துக் காட்டி, சொல் வராமல் தவித்தவர்களிடம் அந்தச் சொல்லைப் பற்றி விசாரித்தார்கள். சொல் வராத நிலையிலேயே, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் அதன் முதல் எழுத்தை அவர்கள் சரியாகச் சொன்னார்கள். எத்தனை அசை என்பதையும் பெரும்பாலும் அறிந்திருந்தார்கள். ஒலி முழுதாக வருகிறது அல்லது வரவே இல்லை என்பதாக விஷயம் இல்லை. துண்டு துண்டாக, தலைப்பகுதி முந்திக்கொண்டு வருகிறது. வயது ஏற ஏற இந்தத் தவிப்பு கூடுவதையும், அதே வயதில் சொல்லறிவு குறையாமல் பெருகியே நிற்பதையும் பின்னாளில் வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. பொருளிலிருந்து ஒலிக்குப் போகும் இணைப்பு, புழங்காவிட்டால் இளைத்துவிடுகிறது என்பதே டெபோரா பர்க் முதலியோர் 1991-இல் தந்த விளக்கம். அன்றாடம் சொல்லும் சொல்லைவிட, மாதக்கணக்கில் சொல்லாத சொல் அதிகமாகச் சிக்குவது அதனால்தான்.

தலைப்பகுதி முந்தி வருகிறது என்றால், அந்தத் தலைப்பகுதியைக் கொடுத்து உதவலாம். நைனா மௌனமாக நிற்கும்போது 'தா' என்று முதல் ஒலியை மட்டும் நீட்டிச் சொன்னால், பல நேரங்களில் 'தார்' முழுதாக வந்து விழுந்தது. எழுத்தின் பெயரைச் சொல்லிப் பயன் இல்லை. வாயைப் பார்க்கும்படி எதிரில் உட்கார்ந்து, ஒலியையே கொடுக்க வேண்டும். ஆனால் நாடா என்று பொருள் தவறி வந்த நேரங்களில் முதல் ஒலி அவ்வளவாக உதவவில்லை. அங்கே வேறு கேள்விகள் வேண்டியிருந்தன: இது எதற்கு, எங்கே இருக்கும், எதோடு சேர்ந்து இருக்கும், இதை யார் செய்வார்கள். "நூல் சுத்தி வெப்போமே, நாடாக்குள்ள போட்றது" என்று அம்மா ராட்டையைச் சுற்றுவதுபோலக் கையை அசைத்துக்கொண்டே சொன்னது, பயிற்சியாளர் அட்டையில் எழுதிக் கொடுத்த கேள்விகளைக் காட்டிலும் நன்றாக வேலை செய்தது. பொருளைச் சுற்றிச் சுற்றி வந்து, வேண்டாத பக்கத்துச் சொல்லை அடக்கி, வேண்டியதை மேலே கொண்டுவரும் இந்த முறையைப் பேச்சுப் பயிற்சியில் முறைப்படியே கையாளுகிறார்கள்.

உதவிக்கு ஆள் இல்லாத நேரத்தில், எழுத்து வரிசையை மனத்துக்குள் நடந்து பார்ப்பதும் உண்டு. தமிழில் இது மற்ற மொழிகளைவிடச் சுளுவு என்பது என் கணிப்பு. பழைய இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் வரும் மெய் வரிசைகள் சிலவே. க, ச, த, ந, ப, ம, வ என்று ஏழு படி இறங்கி, உயிரெழுத்துகளையும் ஒருமுறை தொட்டுவிட்டால் பெரும்பாலான சொற்களின் வாசல் தட்டப்பட்டுவிடும். ஆட்பெயர் என்றால் ர, ல, ஜ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நானும் வகுப்பில் இப்படித்தான் தேடுகிறேன்; கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டால் மாணவர்களுக்குத் தெரியாது.

நைனாவுக்கு மிக விரைவில் பலன் தந்தது, எந்த அட்டையிலும் இல்லாத ஒன்று. ஒன்று, இரண்டு என்று தொடங்கிக் கொடுத்தால் பத்துவரை அவர் தடையின்றி எண்ணினார். ஞாயிறு என்றால் சனிவரை ஓடினார். பழகிப் பழகித் தடம் பதிந்த தொடர்கள், தேடி எடுக்கும் பேச்சைக் காட்டிலும் பத்திரமாக இருப்பது இந்த நோயில் பரவலாகக் காணப்படுவதே. தமிழில் அப்படிப்பட்ட தொடர்களுக்கா பஞ்சம்? "உப்பும்" என்று அம்மா நிறுத்துவார், "புளியும்" என்று அவர் முடிப்பார். "காடும்" என்றால் "கழனியும்", "பாவும்" என்றால் "ஊடையும்". "யானைக்கும் அடி" என்று இழுத்தால் "சறுக்கும்" என்பது சிரிப்போடு வந்தது. நோய்க்குப் பிறகு அவர் முதலில் சிரித்தது ஒரு பழமொழியை முடித்தபோதுதான்.

ஆனால் இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. 'உப்பும் புளியும்' என்று முடித்தவர், சாப்பிடும்போது புளி வேண்டும் என்று கேட்க முடியாமல் திணறினார். தொடருக்குள் ஒட்டிக்கொண்டு வந்த சொல், தேவையான இடத்துக்குத் தானாக நடந்து வருவதில்லை; அதைத் தொடரிலிருந்து பிரித்தெடுத்து நடத்திவர வேண்டியிருக்கிறது. பயிற்சியாளர் சொன்ன வழி இது: தொடரை முடித்தவுடன், அந்தச் சூடு ஆறுவதற்குள், அதே சொல்லைக் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல வைப்பது. "ரசத்துக்கு இன்னா கரைப்போம்?" "புளி." "கடையில இன்னா வாங்கியாரணும்?" "புளி." தொடக்கத்தில் முழுத் தொடரும் வேண்டியிருந்தது, பிறகு பாதித் தொடர், பிறகு உதட்டசைவு மட்டும். இப்படிப் படிப்படியாகக் கையை எடுத்துக்கொள்ளாமல், பழமொழியோடு நின்றுவிட்டால் வீட்டார் மகிழ்ச்சியாக இருக்கலாம், நோயாளிக்குக் கேட்டது கிடைக்காது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டையே வந்தது. வந்து போகும் உறவினர்கள் அவர் வாயைத் திறந்ததுமே சொல்லை முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு இரக்கம், அவருக்கு எரிச்சல். என் தம்பியோ, தானாகத்தான் வர வேண்டும் என்று அவரை வியர்க்க வைப்பான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேரின் ஹம்ஃப்ரீஸ், ஏமி வாரினர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு நலமாக இருப்பவர்களைப் பற்றியது. ஆனாலும் தம்பியை அடக்க உதவியது. சொல் வராமல் நாக்கு நுனியில் தவித்தவர்களில் சிலருக்குப் பத்து நொடியிலும் சிலருக்கு முப்பது நொடியிலும் விடையைச் சொல்லி, இரண்டு நாள் கழித்து அதே சொற்களைக் கேட்டார்கள். நீண்ட நேரம் தவித்தவர்களே அதே சொல்லில் மறுபடியும் அதிகமாகச் சிக்கினார்கள். தவிக்கும்போது மூளை வழியைக் கற்பதில்லை, தவிப்பதையே கற்றுக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே இப்போது நாங்கள் மனத்துக்குள் பத்து எண்ணும் அளவு பேசாமல் இருக்கிறோம். பிறகு பொருள் குறிப்பு அல்லது முதல் ஒலி. அதற்கும் வராவிட்டால் முழுச் சொல். முழுச் சொல்லை நாம் சொல்லிவிட்டோம் என்றால், அவரும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; தலையாட்டலோடு விட்டுவிடக் கூடாது. நானும் என்னளவில், வகுப்பில் சிக்கிய பெயரைப் புத்தகத்தில் பார்த்த உடனே மனத்துக்குள் வைக்காமல் உரக்கச் சொல்கிறேன்.

இடையில் அவர் பேச்சில் 'இது' பெருகியது. "அவன் இத்த இது பண்ணிட்டு பூட்டான்" என்பார். எரிச்சல் தரும் வாக்கியம்தான். ஆனால் தமிழாசிரியையாக நான் அதைக் கேட்டுத் தைரியம் கொண்டேன். எழுவாய் இடத்தில் இருக்கிறது, வேற்றுமை உருபு இருக்கிறது, காலம் இருக்கிறது, திணை, பால், எண், இடம் எல்லாம் பொருந்தியிருக்கின்றன. பெயரும் வினையும் நிற்க வேண்டிய இரண்டு இடங்கள் மட்டும் காலி. வாக்கியத்தின் சட்டகத்தைக் கட்டுவதும் அதில் சொற்களை நிரப்புவதும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வாக்கியம் வந்தால் 'புரியவில்லை' என்று ஒதுக்காமல், காலியிடத்தை மட்டும் கேட்பது நல்லது: "யாரு பூட்டான்?" "எத்த எடுத்தான்?" ஆமாம், இல்லை என்று சொல்லும்படியான கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. புரியாமலே புரிந்ததுபோலத் தலையாட்டுவது மட்டும் வேண்டாம். அதை அவர் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையை ஒட்டியது. சித்தூர்ப் பக்கத்து வியாபாரிகளோடு நைனா தெலுங்கில்தான் பேரம் பேசுவார். தமிழ்ச் சொல் வராத இடத்தில் சில நேரம் தெலுங்குச் சொல் வந்து நின்றது. வீட்டில் சிலர் அதைத் திருத்த முனைந்தார்கள், பயிற்சியாளர் தடுத்துவிட்டார். இரண்டு மொழி பேசுபவரின் மூளையில் ஒரு மொழியைப் பேசும்போதும் மற்றது உறங்கிவிடுவதில்லை. பக்கவாதத்துக்குப் பின் முதலில் கற்ற மொழி திரும்பும் என்று ஒரு கருத்தும், நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முந்தித் திரும்பும் என்று 1895-இல் பிரான்சின் ஆல்பெர்ட் பித்ர் சொன்ன கருத்தும் உண்டு. இரண்டுமே எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதில்லை. எந்த மொழியில் வந்தாலும் வந்ததை ஏற்றுக்கொண்டு வேலையை நடத்த வேண்டியதுதான்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவுக்கூட்டம் முழுவதும் வீட்டில் நிறைந்துவிடும். மேளச்சத்தத்துக்கு நடுவில் நாலு பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால், நேற்றுவரை வந்த சொல்லும் நைனாவுக்கு வராது. தொலைக்காட்சியை அணைப்பது, ஒருவர் பின் ஒருவராகப் பேசுவது, ஒரு பேச்சு முடியும் முன் அடுத்ததற்குத் தாவாமல் இருப்பது ஆகியவை மருந்துச் சீட்டில் எழுதாத மருந்துகள்.

எல்லாவற்றையும்விடப் பிடிவாதமாக நின்றவை ஆட்பெயர்கள். காட்பாடி ரயில் நிலையத்தில் பழைய மாணவன் ஒருவன் வந்து வணங்கும்போது, அவன் எந்த பெஞ்சில் உட்கார்ந்தான், அவன் அப்பா எங்கே கடை வைத்திருந்தார் என்பதெல்லாம் எனக்கு நினைவு வருகிறது, பெயர் வருவதில்லை. 1987-இல் வெளியான ஒரு ஆய்வில், ஒரே சொல்லைச் சில முகங்களுக்குத் தொழிலாகவும் வேறு முகங்களுக்குப் பெயராகவும் கற்பித்தார்கள். தொழிலாகக் கற்ற சொல்லே எளிதாக நினைவுக்கு வந்தது. தச்சர் என்றால் உளி, மரம், பட்டறை என்று எத்தனையோ பக்கங்களிலிருந்து அந்தச் சொல்லுக்கு வர முடிகிறது. முருகன் என்ற பெயருக்கு அந்த ஆளைத் தவிர வேறு வழி இல்லை. பெயர் மட்டும் வராமல், ஆளையும் அவர் விவரத்தையும் அறிந்திருந்தால் அது பெரிதாகக் கவலைப்பட வேண்டியது அல்ல. சாவியைப் பார்த்து அது எதற்கு என்றே விளங்காமல் போவதும், சொல் தடுமாற்றம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போவதும் வேறு. அதற்கு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நைனாவுக்காகப் பேரப்பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் வழக்கத்தை வீட்டில் ஏற்படுத்தினோம். பயிற்சிக்கான அட்டைக்கட்டில் குடும்பத்தினர் பெயர்கள் எல்லாம் இருந்தன. அம்மாவின் பெயர் அட்டையில் மட்டும் அவர் கடைசிவரை அசையவில்லை. அசைய நியாயமும் இல்லை, திருமணமான நாள் முதல் அம்மாவை 'இந்தா' என்றே கூப்பிட்டவர் அவர், அந்தப் பெயர் அவர் வாயில் புழங்கியதே கிடையாது. அம்மாவுக்கும் தன் பெயரை அவர் வாயால் சொல்ல வைக்கும் அந்த முயற்சி கூச்சமாக இருந்தது. பயிற்சிக்கு எடுக்கும் சொற்கள், அவர் முன்பு சொல்லிவந்தவையாகவும் இப்போது அவருக்குத் தேவைப்படுபவையாகவும் இருக்க வேண்டும் என்று பயிற்சியாளரும் ஒப்புக்கொண்டார். அந்த அட்டையை எடுத்துவிட்டு 'மாத்திரை' என்று எழுதி வைத்தோம்.